மேக்கப் வண்டி

பாதுகாப்பு எங்களுக்கு வண்டியில் வரும். வந்த வேலை முடிந்ததும் வண்டியிலேயே ஏறிப் போய்விடும்.

வெளிறிய நீல நிற மினி லாரி அது. உள்ளே கீறல் படாத ஹெல்மெட்டுகள், மடிப்புக் கலையாத பளபள ஜாக்கெட்டுகள், தீயணைக்கும் சிவப்பு சிலிண்டர்கள், யாருக்கும் திறக்கத் தெரியாத முதலுதவிப் பெட்டி, ‘உங்கள் குடும்பம் உங்களுக்காகக் காத்திருக்கிறது’ என்று எழுதிய பலகை, அப்புறம் விரல் தடிமனுக்கு முறுக்கிய எஃகுக் கயிறு. கம்பெனிக்கு ஊரில் நாலு இடத்தில் கட்டிடம் ஏறிக்கொண்டிருந்தது. இந்தச் சாமான் மட்டும் ஒரே ஒரு செட்தான். அதிகாரி எந்த சைட்டுக்குச் சோதனைக்கு வருகிறாரோ, அவருக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி அங்கே போய் நிற்கும். அவர் எப்போது எங்கே வருவார் என்று கம்பெனிக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். பக்கத்து வீட்டில் என்ன குழம்பு என்று நமக்கெல்லாம் எப்படித் தெரிகிறதோ அப்படித்தான். நாங்கள் அதை மேக்கப் வண்டி என்போம்.

நான் பூச்சு வேலைக் கான்டிராக்டர். கான்டிராக்டர் என்றதும் கறுப்புக் கண்ணாடியும் ஏசி காருமாக யாரையும் கற்பனை செய்துவிட வேண்டாம். சொந்தக்காரர் வேலையைக் கம்பெனிக்கு விடுவார். கம்பெனி எனக்கு விடும். எனக்குக் கீழே விட ஆளில்லாததால் நான் செய்கிறேன். அவ்வளவுதான் என் அந்தஸ்து. என் பேரில் ஒரு லைசென்ஸ் இருக்கிறது. புதுச் சட்டம் வந்த பிறகு அது இல்லாமல் ஒரு சுவரைக்கூடத் தொட முடியாது. அந்த லைசென்ஸை நம்பி என் வீடும், என்னிடம் வேலை செய்கிறவர்களின் வீடுகளும் நிற்கின்றன.

சட்டம் நல்ல சட்டம். அதைக் கிண்டல் செய்ய எனக்கு மனம் வரவில்லை. உயரத்தில் வேலை செய்கிறவன் இடுப்பில் பெல்ட் கட்ட வேண்டும், பெல்ட்டின் கொக்கியைச் சாரத்தின் பின்னால் இழுத்துக் கட்டிய எஃகுக் கயிற்றில் மாட்ட வேண்டும் என்று அதில் இருக்கிறது. எழுதியவர் என்றைக்கோ ஒரு சாரத்துக்குக் கீழே நின்று மேலே பார்த்தவராகத்தான் இருப்பார். ஆனால் அந்தச் சட்டம் எங்கள் கம்பெனியின் வாசலுக்குள் நுழைந்ததும் அதற்கு ஏதோ ஆகிவிட்டது. பெல்ட் விலை குறைவு, அதனால் எல்லோருக்கும் கிடைத்தது. கயிறு விலை அதிகம், அதனால் அது ஊர் சுற்றியது. மீதியை ஒப்பந்தத்தில் ஒரு வரியாகப் போட்டுவிட்டார்கள்: சுவரில் எது நடந்தாலும் பொறுப்பு பூச்சு வேலைக் கான்டிராக்டருடையது. நன்றாகப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்லிக்கொண்டே மேனேஜர் பேனா மூடியைத் திறந்து நீட்டினார். அவர் கொடுத்த அவகாசத்தில் ஒரு தும்மல் போடலாம். நான் கையெழுத்துப் போட்டேன்.

என்னிடம் வேலை செய்கிறவர்களில் கைத்திறமை யாருக்கு என்றால், என் சகலைக்குத்தான். என் மனைவியின் தங்கை புருஷன். இரண்டு பேரும் ஒரே வீட்டில் பெண்ணெடுத்து ஒரே மாதிரி மாட்டிக்கொண்டவர்கள் என்பதுதான் எங்கள் சிநேகத்தின் அஸ்திவாரம். (என் மனைவி கதை படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.) அவன் பூசிய சுவரில் மட்டக்கோலை எங்கே வைத்தாலும் இடுக்கில் வெளிச்சம் தெரியாது. அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு பட்டையைப் பூசி இழுத்து முடித்ததும் பின்னால் சாய்ந்து, ஒரு கண்ணை மூடி, சுவரின் மேல் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்ப்பான். பூச்சுக்காரர்கள் எல்லோருக்கும் இது உண்டு. தரையில் இருக்கும்போது இரண்டடி பின்னால் போய் ரசிக்கலாம். சாரத்தில் அது நடக்காது. அதனால் இத்தனை வருஷமும் கழுத்தை மட்டும் வளைத்துக் கொக்கு மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த முறை எங்கள் சைட் பெரிய ரோட்டை ஒட்டி இருந்தது. அதிகாரிகள் அடிக்கடி வந்து போகும் பாதை என்பதால் கயிறு எங்களிடமே வாரக்கணக்கில் தங்கியது. சகலை கொக்கியை மாட்டிக்கொண்டு ஒருநாள் தற்செயலாகப் பின்னால் சாய்ந்திருக்கிறான். கயிறு தாங்கியது. அன்று கீழே இறங்கி வந்தவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

“ஈஸிசேர் மாதிரி இருக்கு சகல. முழுச் சுவரும் தெரியுது. இவ்வளவு நாளா கழுத்தை ஒடிச்சிக்கிட்டுக் கிடந்தேன்.”

அதற்குப் பிறகு அவன் அப்படித்தான் பார்த்தான். ஒரு பட்டை பூசுவான், சாய்வான், கண்ணை இடுக்குவான். சட்டம் யாருக்காவது சுகம் கொடுத்து நான் கண்டது அது ஒன்றுதான்.

பிறகு ஒருநாள் காலையில் மேக்கப் வண்டி வந்தது. ஆற்றோரம் இருந்த இன்னொரு சைட்டுக்கு அதிகாரி வருகிறாராம். வண்டியில் வந்தவர்கள் மளமளவென்று கயிற்றைக் கழற்றிச் சுருட்டினார்கள். நான் மேனேஜருக்குப் போன் போட்டு, மேலே ஆட்கள் ஏறிவிட்டார்களே என்றேன். மத்தியானத்துக்குள் கயிறு திரும்பிவிடும், அதற்காகக் குழைத்த கலவையை வீணாக்குவீர்களா, பார்த்துச் செய்யச் சொல்லுங்கள் என்றார். ஆபத்து என்று தெரிந்தால் வேலையை நிறுத்தும் உரிமை கான்டிராக்டருக்கு உண்டு என்று அதே சட்டத்தில் இருக்கிறது. அந்த உரிமையைக் கசங்காமல் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, சரி சார் என்றேன். ஆட்களிடம் பார்த்து, பார்த்து என்று கத்தினேன். அவர்களும் கொக்கியைத் தொங்கவிட்டால் முழங்காலில் இடிக்கும் என்று எடுத்துத் தங்கள் பெல்ட்டிலேயே மாட்டிக்கொண்டார்கள். கயிறு இல்லாத நாட்களில் எல்லா சைட்டிலும் அப்படித்தான். கீழிருந்து பார்க்கிறவனுக்குக் கொக்கி மாட்டியிருப்பது தெரியும். ஒவ்வொருத்தனும் தன்னைத் தானே பிடித்துக்கொண்டு நிற்பது தெரியாது.

சகலை ஜன்னலுக்குப் பக்கத்துப் பட்டையை முடித்தான். நான் கீழே மணல் சலிக்கும் இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அழகான வேலை. அவனும் அப்படி நினைத்திருக்க வேண்டும். கரண்டியைத் தொட்டியில் வைத்துவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நிதானமாகப் பின்னால் சாய்ந்தான்.

இடுப்பில் பெல்ட் இறுக்கமாக இருந்தது. கொக்கியின் கனமும் இருந்தது. உடம்பு அதை நம்பிவிட்டது. உட்காரப்போன நாற்காலியை யாரோ இழுத்துவிட்டால் முகம் எப்படி ஆகுமோ, அந்த முகத்தோடுதான் வந்து விழுந்தான். சத்தம்கூடப் போடவில்லை. கயிறு என்பதையே பார்க்காமல் இத்தனை வருஷம் ஏறி இறங்கியபோது அவனுக்கு ஒன்றும் ஆனதில்லை.

மணல் மேட்டின் ஓரத்தில் விழுந்ததால் உயிர் இருந்தது. இடுப்பும் வலது காலும் போயிருந்தன. தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு ஆம்புலன்சுக்குப் போன் போடச் சொன்னேன். யாரோ கம்பெனிக்கும் போட்டிருக்கிறார்கள். முதலில் வந்தது மேக்கப் வண்டிதான்.

அதிலிருந்து குதித்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். சகலை விழுந்த இடத்துக்கு நேர் மேலே கயிற்றை இழுத்துக் கட்டிக் கிளாம்பை முடுக்கினார்கள். முடுக்க முடுக்கச் சாரம் குலுங்கி, காயாத பூச்சு துணுக்குத் துணுக்காக அவன் முகத்தில் உதிர்ந்தது. நான் கையைக் குடை மாதிரி பிடித்தேன். வண்டியின் முன் சீட்டிலிருந்து இறங்கிய மேனேஜர், போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு இப்படியும் அப்படியும் நடந்து பார்த்தார். பிறகு என்னிடம் மரியாதையாகச் சொன்னார்.

“கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி உக்காருங்க. போட்டோவுல நீங்க வர்றீங்க.”

அவன் தலையை மடியில் தாங்கியபடியே தள்ளி உட்கார்ந்தேன்.

மறுநாள் மேனேஜர் ஒரு பை நிறைய ஆப்பிளோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். பையை சகலையின் வயிற்றின் மேல் வைத்தார். கூட வந்தவன் போட்டோ எடுத்தான். அது சரியாக வரவில்லை என்று பையை எடுத்து மறுபடியும் வைத்தார். வலி மருந்து மயக்கத்தில் இருந்த சகலை, பரிசு வாங்குகிறவன் மாதிரிச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு நான் பால்கனிக்குப் போய் நின்றுகொண்டேன்.

கேன்டீனில் கம்பெனி வக்கீல் எனக்காகக் காத்திருந்தார். க்ரீம் பிஸ்கட்டைப் பிரித்து, நடுவில் இருந்த க்ரீமைக் கீழ்ப்பல்லால் சுரண்டித் தின்றுகொண்டே எனக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்தார். கயிறு கட்டியிருந்தது, கொக்கியைக் கழற்றியது அந்த ஆளே என்றால், அது தொழிலாளி வேண்டுமென்றே செய்த விதிமீறல். கம்பெனிக்குப் பழியில்லை, எனக்கும் இல்லை. சகலைக்கு இன்சூரன்ஸ் கிடைக்காது, அவனுடைய தொழிலாளர் அட்டையும் ரத்தாகும், ஆனால் கம்பெனி மனிதாபிமானத்தோடு ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொள்ளும். கயிறு கட்டியிருக்கவில்லை என்றால், கயிறு இல்லாத சாரத்தில் ஆளை ஏற்றியது யார்? ஒப்பந்தப்படி நான். லைசென்ஸ் போகும், கேஸ் வரும். மேலே இருந்த மற்ற ஆட்களைக் கம்பெனியே கூலி பேசி ஏற்கெனவே வேறு ஊருக்கு அனுப்பிவிட்டதாம், அதனால் விசாரணையில் நான் சொல்வதுதான் சாட்சி. கயிறு கட்டியிருந்தது என்று டைப் அடித்த வாக்குமூலம் ஒன்றைத் தந்து, விசாரணைக்குக் கிழிசல் இல்லாமல் கொண்டுவரச் சொன்னார். க்ரீம் போன பிஸ்கட் ஓடு இரண்டையும் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து என் வீட்டில் க்ரீம் பிஸ்கட் வாங்குவதில்லை.

என் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடினாள். அவளுக்கு லைசென்ஸும் வேண்டும், தங்கையும் வேண்டும். என்ன சொல்வாள்? மறுபடி குழாயைத் திறந்தாள்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பார்த்து நலம் விசாரிக்கப் போனதாக இங்கே எழுதிவிடலாம்தான். போனது, பழியை அவன் மேல் போடச் சகலையிடமே சம்மதம் வாங்க. எப்படி ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். வார்டுக்கு வெளியே பெஞ்சில் அவன் பெண்டாட்டி, என் கொழுந்தியாள், உட்கார்ந்திருந்தாள்.

“அவரு நேத்தே கையெழுத்துப் போட்டுட்டாரு அத்தான்,” என்றாள். “கொக்கியை நான்தான் கழட்டினேன்னு. நீங்க ஜெயிலுக்குப் போயிடுவீங்கன்னு வக்கீல் சொன்னாராம். படுத்தபடியே போட்டாரு.”

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. கால் சரியானாலும் அட்டை இல்லாமல் அவரைச் சாரத்தில் ஏற்றுவார்களா என்று மட்டும் கேட்டாள். விசாரிக்கிறேன் என்றேன்.

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. கேட்கும் வேலை மிச்சம் என்று உள்ளுக்குள் ஏதோ ஒன்று காலை நீட்டிப் படுத்துக்கொண்டது. மேனேஜரையும் வக்கீலையும் பார்த்துத்தான் இதுவரை குமட்டியது. அன்று அந்தப் பெஞ்சில், கொழுந்தியாள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த நிம்மதியை நினைத்துக் குமட்டியது. வார்டுக்குள் போகாமலே திரும்பிவிட்டேன்.

விசாரணை நடந்த அறையில் சுவர் பாதிக்கு மேல் கொப்புளம் கொப்புளமாக ஊதி உப்புப் பூத்திருந்தது. எவனோ மட்ட மணலில் பூசியிருக்கிறான். தொழில் புத்தி, கண் அங்கேதான் போகிறது. மேசைக்குப் பின்னால் சைட்டுகளுக்குச் சோதனைக்கு வரும் அதே அதிகாரி, அவர் பக்கத்தில் டைப் அடிக்கும் அம்மா, எதிரே மேனேஜரும் வக்கீலும், ஓரத்து நாற்காலியில் நான். அதிகாரி மென்மையான ஆள். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று என்னிடம் கேட்டார். சகலையின் வாக்குமூலத்தையும் எனக்காக அடித்து வைத்திருந்ததையும் படித்தார். வக்கீல் போட்டோக்களைப் பரப்பினார். சகலை விழுந்த இடத்துக்கு மேலே கயிறு விறைப்பாக ஓடியது. நான் எந்தப் போட்டோவிலும் இல்லை, நன்றாகத்தான் தள்ளி உட்கார்ந்திருக்கிறேன்.

அதிகாரி என்னைப் பார்த்தார். “இதுல இருக்கிறதுதான் உங்க வாக்குமூலம். சரிதானே?”

“இல்ல சார். கயிறு இல்ல.”

மேனேஜர் நாற்காலியை நகர்த்தினார். அதிகாரி ஒரு போட்டோவை என் பக்கம் திருப்பினார்.

“அப்ப இது என்ன?”

“விழுந்த பிறகு கட்டினது சார்.”

“முன்னாடி எங்க போச்சு?”

“உங்களைப் பாக்கத்தான் வந்திருந்துச்சு சார்.”

நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. என் வாய் அப்படி, எதைச் சொன்னாலும் கிண்டல் மாதிரி வந்து விழும், அதனால் பல இடத்தில் அடி வாங்கியிருக்கிறேன். டைப் அடிக்கும் அம்மாவின் விரல்கள் நின்றன. அந்தக் காலையில் நீங்கள் ஆற்றோர சைட்டில் இருந்தீர்கள், அங்கே நீங்கள் பார்த்த கயிறு எங்கள் சாரத்திலிருந்து கழற்றிக்கொண்டு போனது என்று விளக்கினேன். வக்கீல் சிரித்தார். நான்கு சைட்டுக்கும் கம்பெனி தனித்தனியாகக் கயிறு வைத்திருக்கிறது, இவர் தன் லைசென்ஸைக் காப்பாற்றக் கதை கட்டுகிறார் என்றார். உண்மையைச் சொன்னால் என் லைசென்ஸ்தான் போகும் என்று எனக்குப் பாடம் எடுத்தவரே அவர்தான். சிரித்துக்கொண்டே சொன்னார், க்ரீம் தின்ற அதே பல்லால்.

அதிகாரி மட்டும் போட்டோவைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கிளாம்பில் ஒரு மஞ்சள் சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது. கயிற்றைச் சோதித்து, சரி என்றால் அதிகாரிகள் கட்டிவிட்டுப் போகும் சீட்டு அது. சைட்டின் எண், தேதி, அதிகாரியின் கையெழுத்து எல்லாம் அதில் இருக்கும். அவசரத்தில் அதைப் பிய்த்தெறிய மறந்துவிட்டார்கள் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். மறக்கவில்லை. சீட்டு இருந்தால் போட்டோவுக்கு இன்னும் மதிப்பு என்று கேமராவுக்கு நேராகத் திருப்பி வைத்திருந்தார்கள். எதைக் காட்டினாலும் எடுபடும் என்று பழகிப்போனவர்களுக்கு மட்டுமே இந்தத் தப்பு வரும்.

ஆற்றோர சைட்டின் எண்ணும், அன்றைய தேதியும், தன் கையெழுத்தும் எங்கள் சுவரில் தொங்குவதை அதிகாரி வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். வக்கீல் ஏதோ சொல்ல வாயைத் திறந்தபோது கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு என்னிடம், மற்றவர்கள் அந்த அறையில் இல்லாதது போலத் தாழ்ந்த குரலில் பேசினார்.

“இதை எழுதினா மொதல்ல மாட்டறது நீங்கதான். கயிறு இல்லேன்னு தெரிஞ்சும் ஆளை ஏத்தியிருக்கீங்க. நான் விட முடியாது.”

“விட வேண்டாம் சார். ஏத்தினது நான்தான். ஆனா அவன் கொக்கியைக் கழட்டல. மாட்டறதுக்கு அங்க ஒண்ணுமே இல்ல.”

டைப் அடிக்கும் அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “‘உங்களைப் பார்க்க வந்திருந்தது’ன்னே போடவா சார்?”

அதிகாரி ஜன்னலைப் பார்த்தார். ‘மேற்படி கயிறு சம்பவ நேரத்தில் வேறொரு பணியிடத்தில் தணிக்கைக்கு உட்படுத்தப்பட்டிருந்தமையால்’ என்று சொல்லி அடிக்க வைத்தார். தணிக்கை செய்தது யார் என்பதற்கு அந்த வாக்கியத்தில் இடமில்லை. என் பெயரும் என் லைசென்ஸ் எண்ணும் மட்டும் முழுசாக, தப்பில்லாமல் வந்தன. பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். இந்த முறை படிக்க நிறைய நேரம் கொடுத்தார்கள்.

முடிவு சீக்கிரம் வந்தது. என் லைசென்ஸ் நிறுத்தம், கோர்ட்டில் வழக்கு. கம்பெனிக்கு எச்சரிக்கை, சைட்டுக்குக் கொஞ்ச நாள் பூட்டு. கயிற்றை எடுத்துப் போனது வண்டிக்காரர்களின் தவறான புரிதல் என்று மேனேஜர் எழுதிக்கொடுத்தார், அதையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். சகலை கையெழுத்துப் போட்டுக்கொடுத்தது மட்டும் செல்லாது என்று ஆகிவிட்டது. விபத்து வேலையிடத்தின் குறையால் நடந்தது, இன்சூரன்ஸ் அவனுக்குக் கொடுத்தாக வேண்டும், அட்டையும் ரத்தில்லை. படிக்கட்டில் வக்கீல் என் தோளைத் தட்டி, நீங்கள் நல்ல மனுஷன் என்றார். உங்களுக்கு உள்ளே ஒரு கட்டி இருக்கிறது என்று டாக்டர் சொல்லும் குரலில்.

முடிவு வந்த அன்று சாயங்காலம் சகலையைப் பார்க்கப் போனேன். இடுப்பிலிருந்து கணுக்கால் வரைக்கும் மாவுக்கட்டு. போட்டவன் வேலையில் சுத்தமில்லை, ஓரமெல்லாம் பிசிறு. சகலைக்கு அதிலேயே எரிச்சல். கொழுந்தியாள் வழியாக விஷயம் அவனுக்கு எட்டியிருந்தது. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தும் கூரையைத்தான் பார்த்தான்.

“நான் படுத்துக்கிட்டே ஒரு பொய்யைச் சொல்லி உன்னைக் காப்பாத்தினேன்,” என்றான் கடைசியில். “நீ நடந்து போய் உண்மையைச் சொல்லிக் கெடுத்துட்டு வந்திருக்கே. இனி என்ன பண்ணுவே?”

“உனக்கு அட்டை இருக்கு இல்ல. கால் சரியானதும் நீ யார்கிட்டயாவது வேலைக்குச் சேரு. நான் உனக்குக் கலவை குழைச்சுப் போடறேன்.”

“நீ குழைச்சா சுவர் நிக்காது.”

“தெரியும்.”

அவன் உதடு கோணியது. சிரிப்பா, அழுகையா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பக்கத்துக் கட்டில்காரரின் பிளாஸ்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவன், முழங்காலுக்குக் கீழே காலையிலிருந்து அரித்து உயிர் போகிறது, நர்ஸிடம் சொன்னால் திட்டுகிறாள் என்றான். என் பையைத் துழாவினேன். டேப் இருந்தது. அளக்கிற டேப்தான், இனி எதை அளக்கப் போகிறேனோ. தகட்டை இழுத்து, சட்டையில் துடைத்து, கட்டுக்கும் தொடைக்கும் நடுவே மெதுவாக உள்ளே விட்டேன்.

“இன்னும் கீழ,” என்றான் சகலை, கண்ணை மூடிக்கொண்டு.

தள்ளினேன்.

“இன்னும் கொஞ்சம். ஆங். அங்கதான்.”